பத்துக் கணினியா, பன்னிரண்டு பேரா? ஒரு வடசென்னைச் சங்கத்தின் கணக்கு

எங்கள் சங்கத்தின் கையில் 4 லட்சம் ரூபாய் இருக்கிறது. திருவொற்றியூரில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையை ஒட்டி வளர்ந்த சங்கம். நிரந்தரத் தொழிலாளர், ஒப்பந்தத் தொழிலாளர் எல்லோரையும் சேர்த்தால் 600 பேர் தேறுவார்கள். அந்தப் பணத்தை வைத்து உறுப்பினர்களுக்குக் கணினி கற்றுத்தர எது நல்ல வழி என்று பார்த்துச் சொல்ல, போன நிர்வாகக்குழுவில் மூன்று பேரை நியமித்தார்கள். என்னைத் தவிர மற்ற இருவரும் முதல் நாளே முடிவோடு வந்துவிட்டார்கள். ஒருவருக்குச் சங்கக் கட்டடத்திலேயே கணினி அறை வேண்டும். இன்னொருவருக்கு ஒரு தனியார் பயிற்சி மையத்தோடு பேசி உறுப்பினர்களை அனுப்பிவிட வேண்டும். எந்த முடிவும் இல்லாமல் போனவன் நான் ஒருவன்தான். அதனால் அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நிர்வாகக்குழுவுக்குக் கொடுத்த இரண்டு பக்கத்தில் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு மணலியிலும் எண்ணூரிலும் பெரம்பூரிலும் வேறு சங்கங்கள் உட்கார்ந்திருக்கலாம்.

முதலில் ஒரு வாதத்தைத் தீர்த்துவிட வேண்டும். "சந்தாப் பணத்தில் கம்ப்யூட்டர் வகுப்பா? சங்கம் எதற்கு, டியூஷன் எடுக்கவா?" என்று எங்கள் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டமே, சங்க நிதியை உறுப்பினர்களின் கல்விக்கும் அவர்களைச் சார்ந்தவர்களின் கல்விக்கும் செலவிட இடம் கொடுத்தது. அதற்கும் முன்பே நம் ஊரில் இது நடந்திருக்கிறது. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த கதை தெரிந்தவர்களுக்கு நினைவிருக்கும். பி அண்டு சி (பக்கிங்காம் அண்டு கர்நாடிக்) துணி ஆலைத் தொழிலாளர்கள் அதற்கு முன்னால் கூடியது வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபையில். செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் நடத்திய சொற்பொழிவுச் சபை அது. திரு.வி.க. அங்கே பேசியிருக்கிறார். கேட்டுப் படிக்க வந்த கூட்டம்தான் சங்கமாயிற்று. ஆக, டியூஷன் எடுப்பது நமக்குப் புதிய பழக்கம் இல்லை.

ஆனால் அந்த மூத்த தோழரின் கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது, அது நியாயமானது. கம்பெனி இயந்திரத்தை ஓட்டக் கம்பெனிதானே சொல்லித்தர வேண்டும்? அதற்கு நாம் ஏன் காசு கொடுக்க வேண்டும்? நான் அவர் பக்கம்தான். இதைப் பிறகு பேசுகிறேன், ஏனென்றால் விடையின் பாதி அங்கேதான் இருக்கிறது.

எந்தக் கணினி?

குழு வேலை தொடங்கியதும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மூன்று ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று, "கம்ப்யூட்டரில் உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேட்டதுதான். எக்செல், டாலி, இணையம் என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். ஒருவர்கூட எக்செல் என்று சொல்லவில்லை. 'டாலி' என்று ஒருவர் சொன்னார். விசாரித்தால், அவருடைய அப்பா துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் சரக்கைத் தாளில் எண்ணிக் குறித்தவர். கணக்கு மென்பொருளை அவர் கேட்கவில்லை; "அப்பா செய்த எண்ணுகிற வேலையை இப்போது கையில் ஒரு கருவியை வைத்துக்கொண்டு செய்கிறார்களாமே, அது எனக்கு வருமா?" என்றார். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் ஒரு தலைமுறைக்கு முன் 'டாலி' என்றால் வேலை. இப்போது அதே சொல் பயிற்சி மையத்துப் பலகையில் இருக்கிறது.

மற்றவர்கள் கேட்டது எல்லாமே போனில் இருந்தது. பி.எஃப். பணம் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது எப்படி. ஆதாரில் இனிஷியல் விரித்தும் பி.எஃப். கணக்கில் சுருக்கியும் இருப்பதால் விண்ணப்பம் திரும்பி வருகிறது, என்ன செய்வது. ஈஎஸ்ஐ அட்டையில் மனைவி பெயரைச் சேர்ப்பது எப்படி. நலவாரியப் புதுப்பித்தலை ஆன்லைனில்தான் செய்ய வேண்டும் என்கிறார்கள், யார் செய்து கொடுப்பார்கள். கண்டெய்னர் லாரி ஓட்டும் ஒருவர், உறுப்பினரின் தம்பி, ஃபாஸ்டாகில் இரண்டு முறை பணம் கழிந்தால் யாரிடம் கேட்பது என்றார்.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒரு ஒப்பந்தத் தொழிலாளியின் கணக்கு. ஏழு ஆண்டாக வேலை செய்கிறார். பி.எஃப். கணக்கின் 12 இலக்க எண் இருக்கிறது. ஆனால் அதில் பதிந்திருக்கும் செல்போன் எண் அவருடையது இல்லை. ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் இருந்த யாரோ ஒருவருடையது. அவர் பணத்தைப் பார்க்க முயன்றால் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குப் போகிறது. அவருடைய சம்பளத்தில் 12 சதவீதம் மாதா மாதம் பிடிக்கப்படுகிறது. முதலாளியின் பங்கு வர வேண்டும், அதிலிருந்து சம்பளத்தில் 8.33 சதவீத அளவு ஓய்வூதியத்துக்குப் போக வேண்டும். இவை எல்லாம் நடக்கின்றனவா என்று பார்க்கும் சாவி இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கிறது. அவருக்குப் பவர்பாயிண்ட் கற்றுக்கொடுத்து என்ன செய்வது?

இதற்குப் பிறகுதான் எனக்கு அளவுகோல் கிடைத்தது. எந்த வழியை எடுத்தாலும் அவருடைய பிரச்சினை தீருமா, தீர்ந்தபின் அடுத்த முறை அவரே தனியாகப் பார்த்துக்கொள்வாரா? இந்த இரண்டைக் கேட்டுத்தான் ஒவ்வொன்றையும் எடைபோட்டேன்.

சங்கக் கட்டடத்தில் கணினி அறை

இதன் கவர்ச்சி எனக்கும் புரிகிறது. திறப்பு விழா வைக்கலாம். தலைவர் படத்துக்குக் கீழே பத்துக் கணினி வரிசையாக இருந்தால் சங்கம் வளர்ந்திருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். மாலையில் உறுப்பினர்களின் பிள்ளைகள் வந்து உட்காருவார்கள்.

கணக்கைப் பார்ப்போம். ரிச்சி தெருவில் எங்களுக்குச் சொன்ன விலையில் பழையதைச் சரிசெய்து விற்கும் கணினி ஒன்று 14,000 ரூபாய், பத்துக்கு 1,40,000. மேசை நாற்காலி, மின்கம்பி வேலை, யு.பி.எஸ். என்று 90,000. பயிற்றுநருக்கு மாதம் 12,000 என்றால் ஆண்டுக்கு 1,44,000. மொத்தம் 3,74,000. மீதி 26,000 ரூபாயில் மின்கட்டணம், இணையம், பழுது எல்லாம் அடங்க வேண்டும். இரண்டாம் ஆண்டில் பயிற்றுநருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது. மென்பொருளுக்குக் காசு வேண்டாம் என்பது உண்மை: அலுவலக வேலைக்கான லிப்ரே ஆபிஸ் இலவசம், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளமும் இலவசம். ஆனால் செலவு மென்பொருளில் இல்லை. அறையை உயிரோடு வைத்திருப்பதில் இருக்கிறது.

அப்புறம் இந்தக் கடற்கரையின் குணம். எங்கள் அலுவலகம் தரைத்தளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் முழங்காலுக்குத் தண்ணீர் நின்றது. ரசீதுப் புத்தகங்களைப் பரணில் ஏற்றியதால் தப்பித்தோம். பத்து சிபியு பெட்டியை எந்தப் பரணில் ஏற்றுவது? மழை இல்லாத மாதங்களில் உப்புக்காற்று இருக்கிறது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீட்டு ஜன்னல் கம்பியைக் கேட்டால் அது சொல்லும்.

இவை எல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது ஷிப்ட். மாலை 6 மணி வகுப்புக்கு ஏ ஷிப்ட் ஆள் வருவார்; அடுத்த வாரம் அவர் பி ஷிப்ட், வர முடியாது; அதற்கு அடுத்த வாரம் இரவு வேலை, தூங்க வேண்டும். மூன்று வாரத்தில் ஒரு வாரம் வருபவருக்குப் பாடம் எப்படித் தொடரும்? வேறொரு சங்கம் இப்படி ஓர் அறை வைத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓராண்டு கழித்துப் போனபோது திரைகளின்மேல் துணி போர்த்தியிருந்தது. மேசைமேல் கேரம் போர்டு.

ஒப்பந்தத் தொழிலாளியின் ஓ.டி.பி.யை இந்த அறை தொடவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது கணினி இல்லாததால் வந்த பிரச்சினை அல்ல.

தனியார் மையத்துக்குக் கட்டணம்

பேரம் பேசியபின் ஒருவருக்கு 5,000 ரூபாய் என்றார்கள். மூன்று மாத வகுப்பு, முடிவில் சான்றிதழ். 4 லட்சத்துக்கு 80 பேர். 600 பேரில் 80 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்ற சண்டை ஒருபக்கம் இருக்கட்டும். யார் போவார்கள் என்று நானே ஒரு பட்டியல் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலும் பிள்ளைகள். "எனக்கு எதற்குத் தோழர், என் மகளை அனுப்புகிறேன்" என்பதுதான் எல்லோருடைய வாயிலும் வந்தது.

மகளை அனுப்புவது தவறில்லை. ஆனால் அவளுக்குப் பள்ளியும் கல்லூரியும் இருக்கின்றன. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டம் அந்த வயதுக்காரர்களுக்காகவே இருக்கிறது. தட்டச்சர் போன்ற அரசு வேலைக்குப் போக நினைத்தால், தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் கணினி அலுவலகப் பயிற்சித் தேர்வைத்தான் எழுத வேண்டியிருக்கும். தெருமுனை மையம் தானே அச்சடித்துக் கொடுக்கும் சான்றிதழ் அங்கே செல்லாது. இந்த வித்தியாசம் தெரியாமல் பலர் பணம் கட்டுகிறார்கள்.

பிள்ளை கற்றால் அப்பாவுக்கும் சொல்லித்தருவான் என்பதும் நடைமுறையில் இல்லை. பிள்ளைகள் சொல்லித்தருவதில்லை, செய்து கொடுத்துவிடுகிறார்கள். "கொடுங்கள் அப்பா" என்று போனை வாங்கி, இரண்டு நிமிடத்தில் முடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அப்பாவுக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அடுத்த முறையும் "கொடுங்கள் அப்பா". வீட்டுக்கு ஒருவரையாவது கணினி அறிந்தவராக்குவது என்று 2002இல் கேரளம் மலப்புரத்தில் அட்சயா திட்டத்தைத் தொடங்கியது பெரிய காரியம்தான். ஆனால் அது அரசு, ஒரு மாவட்டத்தையே கையில் எடுத்தது. சங்கத்தின் ஆள் அந்த வீட்டில் இருக்கும் தொழிலாளி. அவர் கையில்தான் போன் இருக்க வேண்டும்.

ஒரே ஒரு கூட்டத்துக்கு இந்த வழி பொருந்தும். ஸ்டோர்ஸில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்து இப்போது திரைக்கு மாறியவர்கள், உற்பத்திக் கணக்கு எழுதுபவர்கள், ஒரு பத்துப் பேர். இவர்களுக்கு எக்செல் உண்மையிலேயே தேவை. ஆனால் அதைக் கம்பெனி கட்டட்டும்.

அரசுத் திட்டங்கள்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 2017இல் மத்திய அரசு தொடங்கிய டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம், 20 மணி நேரப் பயிற்சியை இலவசமாகக் கொடுத்தது. ஆனால் அது கிராமக் குடும்பங்களுக்கு மட்டும். கொடுங்கையூரில் குப்பை மேட்டுக்கு அருகில் வாழ்கிறவர் நகரவாசி, ஆகவே அவருக்குத் தகுதி இருக்கவில்லை. மத்திய அரசின் நீலிட் நிறுவனம் நடத்தும் சி.சி.சி. என்ற அடிப்படைக் கணினித் தேர்வு 80 மணி நேரப் பாடம். தரமானது, மதிப்பும் உண்டு, தானாகப் படிக்கக்கூடியவருக்கு நல்லது. வேலையிலிருந்து வந்து சாய்ந்தால் போதும் என்றிருப்பவருக்கு 80 மணி நேரம் ஒரு மலை. 1958இல் அமைந்த மத்திய தொழிலாளர் கல்வி வாரியம் இப்போது வேறு பெயரில் இயங்குகிறது, சென்னையிலும் அலுவலகம் உண்டு. தொழிலாளர்களுக்கு முகாம்கள் நடத்துகிறார்கள். கேட்டால் ஆள் அனுப்புவார்கள், கேட்க வேண்டும். நாங்கள் இதுவரை கேட்டதில்லை என்பது எங்கள் சோம்பல்.

பக்கத்து இயந்திரத்து ஆள்

நான்காவது வழியை நான் சொன்னபோது குழுவில் இருவரும் சிரித்தார்கள். கணினியே வாங்காமல் கணினி வகுப்பா?

வழி இதுதான். ஒவ்வொரு பிரிவிலும், ஒவ்வொரு ஷிப்டிலும், போன் ஓரளவு தெரிந்த ஒருவரைப் பிடிப்பது. மொத்தம் 12 பேர். அவர்களுக்கு இரண்டு வார இறுதிகளில் நன்றாகச் சொல்லித்தருவது: பி.எஃப்., ஈஎஸ்ஐ, இ-ஷ்ரம் (அமைப்புசாராத் தொழிலாளர் பதிவு), நலவாரியம், வங்கிச் செயலி, மோசடி அழைப்பு. அப்புறம் அவர்கள் பக்கத்தில் வேலை செய்கிறவருக்குத் தேநீர் இடைவேளையில் சொல்லித்தருவார்கள். பாடம் தேவை வரும்போது மட்டும். விதி ஒன்றே ஒன்று: போனைத் தன் கையில் வாங்கக் கூடாது.

பிரிட்டனில் இதைப் பெரிய அளவில் செய்தார்கள். 1998இல் அங்கே அரசு தொழிற்சங்கக் கற்றல் நிதியைத் தொடங்கியது. வேலையிடத்தில் சக தொழிலாளி ஒருவரே கற்றல் பிரதிநிதி. மேலாளரிடம் "எனக்குப் படிக்க வராது" என்று சொல்லக் கூச்சப்படுகிறவர், பக்கத்தில் நிற்பவரிடம் சொல்லிவிடுவார் என்பதுதான் அந்த ஏற்பாட்டின் சூட்சுமம். 2002ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் அந்தப் பிரதிநிதிகளுக்குச் சட்ட உரிமையும் கொடுத்தது: அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் கற்றல் பிரதிநிதி, அந்த வேலைக்காகச் சம்பளத்துடன் நேரம் கேட்கலாம். 2006இல் அங்குள்ள தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான டி.யு.சி. 'யூனியன்லேர்ன்' என்று தனி அமைப்பையே வைத்தது. 2021 மார்ச்சோடு இங்கிலாந்தில் அரசு அந்த நிதியை நிறுத்திவிட்டது. அரசுப் பணத்தில் நடந்த ஏற்பாடுகள் அன்றோடு ஆட்டம் கண்டன; வேலையிடத்தில் நேரம் கேட்கும் உரிமை சட்டத்தில் எஞ்சி நின்றது. இந்த இரண்டு பாதியையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

எங்கள் கணக்கு: 12 பேருக்கு மாதம் 300 ரூபாய் டேட்டா, ஆண்டுக்கு 43,200. பயிற்சிக்கு வரும் நான்கு நாளில் இழக்கும் ஓவர்டைமுக்கும் விடுப்புக்கும் ஈடாக நாளுக்கு 800 என்று 38,400. அலுவலகத்தில் இரண்டு கணினி, ஸ்கேன் வசதியுடன் ஒரு பிரிண்டர், 43,000. ஆக மொத்தம் 1,24,600 ரூபாய். மூன்றாவது ஆண்டுக்கும் பணம் மிஞ்சும்.

இரண்டு கணினி ஏன் என்றால், சில வேலைகளைச் சிறிய திரையில் செய்வது வதை. பி.எஃப். பெயர்த் திருத்தத்துக்குச் சில நேரம் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டியிருக்கும். வாரிசு நியமனத்தையும் ஆன்லைனில் போட வேண்டும், குடும்பத்தாரின் விவரங்களும் படங்களும் தேவை. எத்தனை பேர் அதைச் செய்திருக்கிறார்கள் என்று கேட்டில் நின்றபோது கேட்டேன். கை தூக்கியவர்கள் சொற்பம். பணியில் இருக்கும்போது ஒருவர் இறந்தால் பி.எஃப்.போடு இணைந்த காப்பீட்டில் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். நியமனம் இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலையும். இப்போது இதையெல்லாம் செய்து கொடுப்பது பிரவுசிங் சென்டர். 100 ரூபாய் போகட்டும், கடவுச்சொல்லையும் அங்கேயே எழுதி வைத்துவிட்டு வருகிறார்களே, அதுதான் பயம்.

இந்த வழியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. அந்த 12 பேரில் நாலு பேர் ஆறு மாதத்தில் சலித்துவிடுவார்கள். சங்க வேலையில் இது எழுதாத விதி. ஒருவர் தவறாகச் சொல்லிக்கொடுத்து ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால், பழி சங்கத்தின்மேல் வரும். சான்றிதழ் எதுவும் கிடைக்காது. வேறு வேலை தேடுபவருக்கு இது ஏணி ஆகாது. இன்னொன்று, கேன்டீனிலும் துப்புரவிலும் இருக்கும் பெண்கள். அவர்களில் பலருக்குச் சொந்தமாகப் போன் இல்லை; வீட்டில் இருக்கும் ஒரே ஸ்மார்ட்போன் மகனிடம். அவர்களுக்கு ஆண் தோழர் ஒருவர் தேநீர் இடைவேளையில் சொல்லித்தருவார் என்று எழுதுவது எளிது, நடக்காது. பன்னிரண்டில் குறைந்தது மூவர் பெண்களாக இருக்க வேண்டும் என்றும், அலுவலகத்தில் சங்கத்தின் பெயரில் இரண்டு போன் இருக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். அது போதுமா என்று எனக்கு உறுதி இல்லை.

முதல் பாடம் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் குழு முழுவதும் ஒரே குரலாக இருந்தது: ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதே. பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழை. போனைத் திறந்துவிட்டுப் பூட்டைச் சொல்லித்தராமல் விட்டால், நாமே ஆளைக் கொண்டுபோய்த் திருடனிடம் நிறுத்தியதாக ஆகும்.

ஒரு சின்ன விஷயம். கிரீஸிலும் உலோகத் தூளிலும் தேய்ந்த கைகள் எங்களுடையவை. விரல்ரேகை இயந்திரம் பாதிப் பேரை அடையாளம் காண்பதில்லை. முகத்தைக் காட்டிச் சரிபார்க்கும் வசதி அரசின் உமங் செயலியில் வந்ததைச் சொன்னபோது, ஓய்வுபெற மூன்று ஆண்டு இருக்கும் ஒரு வெல்டர், "முப்பது வருடமாக முகமூடிக்குப் பின்னால் இருந்த முகம், அதற்காவது மதிப்பு வந்ததே" என்றார். தமிழில் தட்டச்சு செய்ய அவர் திணறினார். 1999இல் தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை நல்ல ஏற்பாடுதான், ஆனால் ஐம்பத்தைந்து வயது வெல்டருக்கு அதைச் சொல்லித்தர உட்காரவில்லை; மைக் படத்தை அழுத்திப் பேசச் சொன்னேன். பேசினார், எழுத்து வந்தது. அன்று மாலை அதே போனில் மகளுக்கு ஒரு நீண்ட செய்தி அனுப்பியிருக்கிறார்.

நேரம் யாருடையது?

இப்போது மூத்த தோழரின் கேள்விக்கு வருகிறேன். கம்பெனியில் புதிதாக வந்த, கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரம், ஸ்டோர்ஸின் புது மென்பொருள், தரச்சோதனைக்குக் கையில் கொடுக்கும் டேப்லெட்: இவற்றைக் கற்றுத்தருவது கம்பெனியின் கடமை, கம்பெனியின் செலவு, கம்பெனியின் நேரம். சந்தாப் பணத்தில் ஒரு ரூபாய்கூட அதற்குப் போகக் கூடாது. தொழிலாளியின் சொந்தக் கணக்கு, சொந்த ஆவணம், சொந்த உரிமை: இவற்றுக்குச் சங்கப் பணம். பாகப்பிரிவினை இவ்வளவுதான். கணினி அறை, தனியார் மையம் இரண்டிலும் இந்தக் கோடு அழிந்துபோகிறது என்பது எனக்கு அவற்றின்மேல் உள்ள பெரிய புகார்.

கணினியைக் கண்டு பயந்த காலமும் நம் இயக்கத்துக்கு உண்டு. 1960களில் கல்கத்தாவில் எல்ஐசி ஊழியர்கள் இலாகோ கட்டடத்துக்குள் கணினி நுழையாமல் இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். வேலை போய்விடும் என்ற அச்சம் பொய்யில்லை. கண்டெய்னர் வந்தபின் துறைமுகத்தில் எத்தனை கைகள் தேவையற்றுப் போயின என்பது ராயபுரத்துக்குத் தெரியும். ஆனால் 1983இல் வங்கிச் சங்கங்கள் வேறொன்றைச் செய்தன. இயந்திரம் வருவதை மேசைக்குக் கொண்டுவந்து, நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டன. வாசலில் நின்று தடுப்பதற்கும், மேசையில் உட்கார்ந்து நிபந்தனை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

ஒரு சங்கத்தால் மட்டுமே செய்யக்கூடிய காரியம் எது என்று யோசித்தால், கணினி வாங்குவது அல்ல. அதை யாரும் வாங்கலாம். வகுப்பு நடத்துவதும் அல்ல. வேலை நேரத்திலிருந்து நேரத்தை வெட்டி எடுப்பது சங்கத்தால் மட்டுமே முடியும். பெரம்பூரில் 1918இல் எழுந்த முதல் குறைகளில் ஒன்றே, மதியச் சாப்பாட்டுக்கு விட்ட அரை மணி நேரம் போதவில்லை என்பதுதான். நாம் நேரத்தைக் கேட்டுப் பிறந்தவர்கள்.

அடுத்த ஆண்டு எங்கள் ஊதிய ஒப்பந்தம் முடிகிறது. எங்கள் வாயில் அது இன்னும் 'பதினெட்டு ஒன்று'தான். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தில் இத்தகைய ஒப்பந்தத்துக்கான பிரிவு எண் அது, நாக்கில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்தக் கோரிக்கைப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்: கற்றுத்தருபவருக்கு மாதம் 4 மணி நேரம், கற்றுக்கொள்பவருக்கு ஆண்டுக்கு 8 மணி நேரம், சம்பளத்துடன். நிர்வாகம் சிரிக்கும், அப்புறம் பேரம் பேசும். ஆண்டுக்கு 4 மணி நேரம் என்று முடிந்தாலும் லாபம். ஒப்பந்தத் தொழிலாளர்கள் இதற்குள் வர மாட்டார்கள், அவர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்று நிர்வாகம் கைகாட்டும். அந்தச் சண்டை தனி. அது முடியும்வரை அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான்.

ஆகவே என் வாக்கு நான்காவது வழிக்கு. கணினி அறை கேட்ட தோழர் இரண்டு கணினியோடு சமாதானம் ஆகிவிட்டார், பெயர்ப்பலகை மட்டும் வேண்டுமாம், வைத்துக்கொள்ளட்டும். தனியார் மையம் கேட்டவர் இன்னும் முகத்தைத் தூக்கிவைத்திருக்கிறார். கேட்டு வைக்கலாம் என்று தொழிலாளர் கல்வி வாரியத்துக்கு ஒரு கடிதமும் எழுதிப் போட்டிருக்கிறேன். பொதுக்குழு என்ன சொல்லும் என்று காத்திருக்காமல், வருகிற ஞாயிறு காலை 10 மணிக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை மட்டும் அலுவலகத்துக்கு அழைத்திருக்கிறோம். ஒரே வேலைதான்: அவரவர் பி.எஃப். கணக்கில் யாருடைய போன் எண் இருக்கிறது என்று பார்ப்பது. ஆதார் அட்டையை மறக்க வேண்டாம். போனை முழுதாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வாருங்கள். அலுவலகத்தில் இருப்பது இரண்டே பிளக் பாயிண்ட், அதில் ஒன்று மின்விசிறிக்கு.